சிறுவயதில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்கள் மனம் திறந்து பேசும் கூட்டத்தை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய கூட்டங்களைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். புதிதாக நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லும் நேரத்துக்கு எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட்டு, சொல்லி முடித்தபின் அவர் வீடு போய்ச் சேரும் வரையிலான நேரத்துக்கு எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள ஒரு மலையடி ஊரிலிருந்து வந்த பெண் ஒருவர், முதல் கூட்டத்திலேயே முக்கால் மணி நேரம் பேசினார். நாங்கள் எல்லோரும் அழுதோம். அவருடைய துணிவைப் பாராட்டினோம். ஐந்து மணிக்குக் கூட்டத்தை முடித்து அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். கிளறிவிட்ட நினைவுகளோடு தனியாக இரண்டு மணி நேரம் பயணம் செய்து, இருட்டிய பிறகு, எதுவும் நடக்காததுபோல் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது அவருக்கு. அதன்பின் அவர் வரவே இல்லை. கீழே உள்ள வரிசை அந்த ஒரு நாளிலிருந்து கற்றது. படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. நடத்துபவர் முதலில் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்

உங்களுக்கும் இப்படியொரு சிறுவயது இருந்திருக்கலாம். அது தகுதிக்குறைவு அல்ல. ஆனால் அதை நீங்கள் வேறொருவரிடம், இந்தக் கூட்டத்துக்கு வெளியே, ஒருமுறையாவது முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையெனில் பிறர் பேசும்போது உங்கள் கதை உள்ளே எழும்பி, அவரைக் கேட்பதற்குப் பதிலாக உங்களையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தனி ஆளாக நடத்தாதீர்கள். ஒருவர் கூட்டத்தை நடத்த, மற்றொருவர் எழுந்து வெளியே செல்பவரின் பின்னால் சென்று உடன் இருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முயன்றால், வெளியே போனவர் தனியாகிவிடுவார் அல்லது உள்ளே பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நின்றுவிடுவார்.

2. உதவி கிடைக்கும் இடங்களை நேரில் போய்ப் பார்த்து வையுங்கள்

கூட்டம் என்பது சிகிச்சை அல்ல. தூக்கமின்றித் தவிப்பவர், தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர், சாக நினைப்பவர் ஆகியோருக்கு மனநல மருத்துவர் தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மனநலப் பிரிவு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது, எந்த நாளில் யார் பார்க்கிறார், சீட்டு எங்கே வாங்க வேண்டும் என்பதை நீங்களே வரிசையில் நின்று அறிந்துகொள்ளுங்கள். ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சொல்வதால் யாரும் போவதில்லை. ‘செவ்வாய்க்கிழமை காலை நான் வாசலில் நிற்கிறேன், வாருங்கள்’ என்று சொன்னால் போகிறார்கள்.

பின்வரும் எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. பெண்களுக்கு 181. அவசரத்துக்கு 112. இலவச சட்ட உதவிக்கு 15100. அட்டையின் தலைப்பில் எதையும் எழுத வேண்டாம், ஏனெனில் அது கைப்பையிலோ சட்டைப்பையிலோ கிடக்கும்போது வீட்டார் கண்ணில் படும்.

3. சட்டம் எங்கே குறுக்கிடும் என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள்

‘இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று வாக்குக் கொடுப்பது புதியவர்கள் செய்யும் மிகப்பெரிய பிழை. அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு.

எனவே இரண்டு முடிவுகளை முன்கூட்டியே எடுங்கள். ஒன்று, கூட்டத்துக்கு 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே வரலாம். மற்றொன்று, இன்று ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று தெரியவந்தால் அதைத் தெரிவித்தே தீர வேண்டும் என்பதை, யாரும் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு தெரிவித்தால், உங்களை நம்பியவருக்கு அது இரண்டாவது துரோகமாகிவிடும்.

இது ஏட்டுச் சிக்கல் அல்ல. நம் பக்கத்தில் கொடுமை செய்தவர் பெரும்பாலும் உறவுக்காரர், உறவு அறுவதில்லை. ‘அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து, அவர் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும்’ என்று ஒரு தாய் தன் தாய்மாமனைப் பற்றிச் சொன்னபோது, அங்கே இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை முடிந்து இன்றைய குழந்தையின் கதை தொடங்கிவிட்டது. அந்தக் கணத்தில் யோசிக்கத் தொடங்கினால் தாமதம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலரையும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரையும் சந்தித்து, இப்படி ஒன்று வந்தால் யாரிடம் எப்படிச் செல்வது என்று கேட்டு வைத்திருங்கள்.

பெரியவரான பின் புகார் அளிக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குச் சட்டத்தில் காலவரம்பு இல்லை. 2012க்கு முன் நடந்தவை போக்சோவின் கீழ் வராது. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும். இதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டாம், வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. புகார் கொடுப்பதும் கொடாததும் அவருடைய முடிவு. கூட்டம் அவரை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

4. இடம், நாள், பேருந்து

கோயில் மண்டபம், சாதிச் சங்கக் கட்டிடம், யாருடைய வீடு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே யார் வந்தார், எப்போது போனார் என்பதை ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், தையல் வகுப்பு, கணினி வகுப்பு போன்ற பல காரியங்களுக்கு ஆட்கள் வந்துபோகும் கட்டிடத்தில் ஓர் அறை நல்லது. பாலக்கோட்டுக்காரர் பாலக்கோட்டில் பேச மாட்டார், தருமபுரியில் பேசுவார். ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரி வசதி.

அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். எல்லோருக்கும் கதவு தெரிய வேண்டும். கதவைத் தாழிடக் கூடாது. சிறுவயதில் பூட்டிய அறைக்குள் துன்பப்பட்டவருக்கு, வெளியேற வழி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதே பாதி நிம்மதி.

நாளைப் பொறுத்தவரை, தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறுதான் ஒழியும். நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். சித்தேரி மலைக்கும் அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களுக்கும் பேருந்துகள் குறைவு. மிகத் தொலைவிலிருந்து வருபவர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் பேச்சை முடியுங்கள். காலை பத்தரைக்குத் தொடங்கி, பன்னிரண்டரைக்குப் பேச்சை நிறுத்தி, சேர்ந்து சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் கலைவது எங்களுக்குப் பொருந்தி வந்த முறை.

5. அழைப்பும் தனிச் சந்திப்பும்

யாரையும் நேரடியாகக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். அதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே அரை மணி நேரம் சந்தியுங்கள். இந்தச் சந்திப்பில் கதையைக் கேட்கக் கூடாது. இப்போது யாருடன் வாழ்கிறார், வீட்டில் இன்னும் அடி நடக்கிறதா, மருந்து எடுக்கிறாரா, இரவில் மனம் கலங்கினால் யாரை அழைப்பார் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘யாரும் இல்லை’ என்று பதில் வந்தால், அப்படி ஒருவரைக் கண்டடையும் வரை அவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல், தனியாகச் சந்திப்பதைத் தொடருங்கள்.

அழைக்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘கொடுமைக்கு ஆளானவர்கள்’ என்று மட்டும் சொன்னால், பாலியல் துன்பத்தை மட்டுமே கேட்கிறார்கள் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் கூட்டங்களுக்கு ஆண்கள் வரத் தொடங்கியது, ‘அடி வாங்கியவர்கள், பட்டினி கிடந்தவர்கள், பள்ளிக்கூட வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், பெற்றோர் பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போனதால் கேட்பாரின்றி வளர்ந்தவர்கள்’ என்று விரித்துச் சொன்ன பிறகுதான். பதினைந்து வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண்கள் அதைக் கொடுமை என்றே நினைத்திருப்பதில்லை; அதையும் பெயர் சொல்லி அழையுங்கள்.

தொடக்கத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூட்டம் நடத்துங்கள். ஒரு கூட்டத்துக்கு ஆறு பேர் போதும். எட்டுக்கு மேல் வேண்டாம். ஒரே ஊர்க்காரர் இருவர் இருந்தால் இருவரிடமும் தனியே கேட்டு, ஒருவர் தயங்கினாலும் வேறு கூட்டத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். நாம் வாய்ப்பழக்கத்தில் எல்லோரையும் முறை வைத்து அழைக்கிறோம். ஆனால் ‘மாமா’ என்ற சொல்லோ ‘சித்தப்பா’ என்ற சொல்லோ ஒருவருக்கு உடல் நடுங்க வைக்கும் சொல்லாக இருக்கலாம். பெயர் வேண்டுமா, அக்கா அண்ணன் போதுமா, புனைபெயரா என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். வயதோ சாதியோ பாராமல் எல்லோருக்கும் ‘நீங்கள்’ மட்டுமே. வாழ்நாள் முழுவதும் ‘வா, போ’ என்று அழைக்கப்பட்டவர் ஒருவர் அந்த வட்டத்தில் இருப்பார்.

6. விதிகள்: குறைவாக, முதலிலேயே

ஐந்துக்கு மேல் விதிகள் வைத்தால் யாரும் நினைவில் வைப்பதில்லை. நாங்கள் வைத்திருப்பவை இவை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, மூன்றாம் படியில் சொன்ன விலக்கு தவிர. யாரும் பேசியே ஆக வேண்டியதில்லை. யாருக்கும் யாரும் கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது. ஒருவர் துன்பத்தை மற்றொருவர் துன்பத்தோடு அளக்கக் கூடாது. கைப்பேசியை அணைத்துப் பையில் வைக்க வேண்டும்.

நான்காவது விதியை விளக்காமல் விட்டால் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். ‘அவங்களுக்கு நடந்ததுக்கு முன்னாடி எனக்கு நடந்தது ஒண்ணுமே இல்ல, ஒரு அடிகூட விழல’ என்று பின்வாங்குவார்கள். அடி விழுந்தவருக்குச் சொல்ல ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. புறக்கணிக்கப்பட்டவருக்கு நிகழாதவை மட்டுமே இருக்கின்றன: காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை, பள்ளியில் பரிசு வாங்கிய நாளில் அதைக் காட்ட ஆள் இல்லை. இதுவும் காயம்தான் என்பதை நடத்துபவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

வாட்சப் குழு தொடங்க வேண்டாம். பகிர்ந்துகொள்ளும் கைப்பேசிகளே நம் வீடுகளில் அதிகம். கணவரோ மகனோ திறந்து பார்ப்பார்கள்.

7. சொல்லும் நேரம்

முதல் கூட்டத்தில் யாரும் கதை சொல்லக் கூடாது. இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். முதல் நாளில் விதிகளைப் பேசுவதும், மனம் கலங்கினால் நிதானத்துக்கு வரும் முறையைப் பழகுவதும், சேர்ந்து சாப்பிடுவதும் போதும். பல ஆண்டுகள் அடக்கி வைத்தவர் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், வீட்டுக்குப் போனதும் வெட்கமும் அச்சமும் சூழ்ந்துகொள்கின்றன. அந்த முகங்களை மறுபடி பார்க்க அவரால் முடிவதில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாவது கூட்டத்திலிருந்து, ஒரு நாளில் இருவர் மட்டும் பேசட்டும். ஒருவருக்கு இருபது நிமிடம். தொடங்குமுன் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பகுதியை இன்று சொல்லப் போகிறீர்கள், எதைச் சொல்லாமல் விடப் போகிறீர்கள், முடிந்ததும் எங்களிடமிருந்து என்ன வேண்டும். இரண்டாவது கேள்விதான் அடித்தளம். சிறுவயதில் அவருடைய ‘வேண்டாம்’ செல்லுபடியாகவில்லை. இங்கே அது செல்லுபடியாகும் என்பதை அவர் கதை தொடங்கும் முன்பே உணர்ந்துவிடுகிறார்.

வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அச்சத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாகவே வரும். வாசனை, ஒலி, சுவரின் நிறம் ஆகியவை தெளிவாகவும் ஆண்டும் மாதமும் கலங்கலாகவும் இருக்கும். ‘அப்போது எந்த வகுப்பு படித்தீர்கள், முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே’ என்று கேட்பது விசாரணை. கூட்டத்தில் விசாரணைக்கு இடமில்லை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். அவர்கள் தமிழில் தங்குதடையின்றிப் பேசுவார்கள். ஆனால் கதை ஆழத்துக்குப் போனதும் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார்கள். வலித்த மொழியில்தான் வலியைச் சொல்ல முடியும். அவர் தன் மொழியிலேயே பேசட்டும், மற்றவர்களுக்குப் பாதி புரியாவிட்டாலும் சரி. ஒருமுறை ஓர் அம்மா பத்து நிமிடம் தெலுங்கில் பேசினார். வட்டத்தில் இருவருக்கு மட்டுமே அது புரிந்தது. ஆனால் எல்லோரும் அசையாமல் கேட்டார்கள்.

இடையில் நிறுத்த ஓர் அடையாளத்தை ஏற்படுத்துங்கள். கையை உயர்த்தினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்கும் இதே உரிமை உண்டு, ஏனெனில் பிறர் கதை தன் கதையைக் கிளறும்.

8. கேட்பவர்கள் சொல்லக் கூடாதவை

‘பெத்தவங்கதானே, நல்லதுக்குத்தான் அடிச்சிருப்பாங்க.’ ‘அப்பவே ஏன் சொல்லல?’ ‘அதெல்லாம் மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாருங்க.’ ‘மன்னிச்சிடுங்க, மனசு லேசாகிடும்.’ இவை எல்லாமே அன்போடு சொல்லப்படுபவை. எல்லாமே வாயை மூடவைப்பவை. ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லாததற்குக் காரணம் உண்டு: சொன்னால் நம்புவார்கள் என்ற உறுதி அதற்கு இல்லை, அல்லது சொல்லியும் யாரும் கேட்கவில்லை. மன்னிப்பு அவருக்கு எப்போதாவது தோன்றினால் தோன்றட்டும். தோன்றாவிட்டாலும் அவர் குணமாகலாம்.

சொல்ல வேண்டியது மிகக் குறைவு. ‘நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அது உங்கள் தவறு இல்லை.’ பிறகு அமைதி. புதியவர்களுக்கு அந்த அமைதியைத் தாங்குவது கடினம்; தண்ணீர் ஊற்றுவார்கள், தோளைத் தட்டுவார்கள். அனுமதி கேட்காமல் யாரையும் தொடாதீர்கள், கண்ணீரைத் துடைக்கவும் கூட.

9. உடல் பதறும்போது

சிலருக்குப் பேசும்போதே கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தும், மூச்சு வேகமாகும், கூப்பிட்டால் கேட்காது. அந்தக் கணத்தில் அவர் உடல் பழைய அறையில் இருக்கிறது. கதையைத் தொடரச் சொல்லாதீர்கள். அவருடைய பெயரைச் சொல்லி, இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடிக்கக் கொடுங்கள். முதல் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து இதைப் பழகியிருப்பதால் யாருக்கும் கூச்சமாக இராது.

கண்களை மூடச் சொல்லாதீர்கள். தியானம் பழகியவர்கள் நல்லெண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள். மூடிய கண்ணுக்குள் பழைய காட்சிதான் தெரியும்.

சாக நினைப்பதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வளராது. உடன் இருப்பவர் அவரோடு மருத்துவமனைக்குச் செல்லட்டும்.

10. எழுதவோ வெளியே சொல்லவோ விரும்புபவருக்கு

பேச வராதவர் எழுதிக்கொண்டு வரலாம்; அவரே படிக்கலாம், அல்லது அவர் கேட்டுக்கொண்டால் நடத்துபவர் படிக்கலாம். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் எடுக்க வேண்டாம்.

பொதுவெளியில் சொல்ல நினைப்பவர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். கொடுமை செய்தவரின் பெயரை வெளியிட்டால் அவதூறு வழக்கு வரலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தைப் பிறர் வெளியிடுவதை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே கூட்டத்தில் கேட்டதை ‘விழிப்புணர்வுக்காக’ ஊரையும் வயதையும் மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு குறிப்புகள் போதும், நம் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

11. முடித்தலும் வீடு திரும்பலும்

பேச்சு முடிந்ததும் அப்படியே கலையக் கூடாது. கடைசி ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கும் சாதாரணப் பேச்சுக்கும் உரியது. தக்காளி என்ன விலை, மழை உண்டா, பிள்ளைக்குப் பரீட்சை எப்போது என்று பேச்சு இறங்கி வர வேண்டும். புதியவர்கள் இதை நேரவிரயம் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். பழைய அறையிலிருந்து இன்றைய நாளுக்கு நடந்து வரும் படிக்கட்டு இதுதான்.

அன்று பேசிய இருவரிடமும் தனியே கேளுங்கள்: வீட்டில் இப்போது யார் இருப்பார்கள், எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள், இரவு தூக்கம் வராவிட்டால் யாரை அழைப்பீர்கள். ஒரே வழியில் போகிறவர்களைச் சேர்த்து அனுப்புங்கள். தனியாகப் போக வேண்டியவருடன் பாதி வழி வரையாவது ஒருவர் போகட்டும்.

12. மறுநாளும் மூன்றாம் நாளும்

பேசியவரை மறுநாள் காலை, அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் அழையுங்கள். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முன்பே பேசி வைத்திருங்கள்; தையல் வகுப்பிலிருந்து என்று சொல்வது எங்கள் வழக்கம். நேற்று சொன்னதைப் பற்றிக் கேட்காதீர்கள். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

மூன்றாம் நாள் மறுபடி அழையுங்கள். முதல் நாளின் லேசான உணர்வு வடிந்து, ‘ஏன்தான் சொன்னேனோ’ என்ற எண்ணம் எழுவது பெரும்பாலும் அப்போதுதான். அன்று யாரும் அழைக்காவிட்டால், தான் சொன்னதை எல்லோரும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் முடிவு செய்துவிடுவார். அழைத்து, அடுத்த கூட்டத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது என்றும், வந்தாலும் பேச வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். வரவில்லை என்று அவர் சொன்னால், வற்புறுத்தாமல், மீண்டும் எப்போது அழைக்கலாம் என்று மட்டும் கேட்டு, அந்த நாளைக் குறித்துக்கொண்டு தவறாமல் அழையுங்கள்.